நான் எழுதாத மல்லாட்டைக் கட்டுரை

கச்சானைப் பற்றி நான் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன் என்பதை எங்கள் பீடக் கூட்டத்தில்தான் அறிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்தில் உணவு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். பழங்களை உலர்த்துவது என் துறை. கச்சான், அதாவது நிலக்கடலை, எனக்குக் கோயில் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும் பொருள் மட்டும்தான். பீடத் தலைவர் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, கையிலிருந்த தாளைப் பார்த்தபடி, "சிவகௌரி, நீங்கள் எப்ப திருவண்ணாமலைக்குப் போனனீங்கள்?" என்று கேட்டார்.

போனதே இல்லை என்றேன்.

"மூண்டு மாசம் அங்க நிண்டு ஆய்வு செய்ததாப் போட்டிருக்கு."

சிரித்தவர்கள் என் நண்பர்கள். சிரிக்காமல் குறிப்பெடுத்தவர்களைத்தான் நான் எண்ணத் தொடங்கினேன்.

கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கிரிவலம் வருவோரின் களைப்பைப் போக்குவதில் நிலக்கடலை உருண்டையின் பங்கு: ஒரு சர்வதேச, பல்மைய மருத்துவப் பரிசோதனை.' இணையத்தில் மட்டும் வரும், கேள்விப்பட்டிராத ஒரு சஞ்சிகை அதை வெளியிட்டிருந்தது. முதல் ஆசிரியர் குணசேகரன், திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். இரண்டாவது, அவருடைய முதல்வர். மூன்றாவது நான். ஓர் இணையவழிக் கருத்தரங்கில் அந்த மனிதர் என்னிடம் ஏதோ சந்தேகம் கேட்டதும், நான் 'நல்ல முயற்சி, வாழ்த்துக்கள்' என்று மின்னஞ்சல் போட்டதும் மெதுவாக ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் உறவு அவ்வளவுதான்.

கட்டுரையில் எனக்குப் பங்கில்லை என்று அவரே கையெழுத்திட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் விசாரணைக் குழு என்றார் தலைவர். நான் குணசேகரனுக்கு எழுதிய கடுமையான மின்னஞ்சல்களுக்கெல்லாம் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கங்கள் பதிலாக வந்தன. நேரில் போவதைத் தவிர வழி தெரியவில்லை. வரும் நாளை எழுதிவிட்டுப் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து வந்த பஸ் கீழ்பென்னாத்தூரில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். ஒரு பெண் கூடையோடு வந்து, "மல்லாட்டை, மல்லாட்டை, சூடா மல்லாட்டை" என்று கூவினாள். ஏதோ ஆட்டிறைச்சிப் பலகாரமாக்கும் என்று நினைத்து, நான் சைவம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையின் துணியை விலக்கினாள். அவித்த கச்சான்.

"இது கச்சான் எல்லோ?" என்றேன்.

"கச்சானா? அது இன்னா மேடம்? மல்லாட்டை மேடம். வேர்க்கடலைன்னு சொல்லுவாங்க மெட்ராஸ்ல. புக்குல நெலக்கடலைன்னு போட்டிருக்கும். துன்னு பாருங்க, காசு அப்புறம்."

நாலு பெயருள்ள ஒரு பருப்பு. நான் நிபுணர் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட பொருளுக்கு அது விளையும் ஊரில் என்ன பெயர் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கூடைக்காரி அளந்து கொடுத்தது அற்புதம். உப்பு சரியாக ஏறியிருந்தது. டயர் மாற்றி முடியும்வரை ஓடு உரித்துக்கொண்டே நின்றேன்.

விடுதியில் பெயர் எழுதும் இடத்தில் வழக்கம்போல 'கலாநிதி சிவகௌரி' என்று எழுதிவிட்டேன். எங்கள் நாட்டில் முனைவர் பட்டம் வாங்கியவரைக் கலாநிதி என்போம். வரவேற்பாளர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கலாநிதி சார் வண்டிய பார்க் பண்றாருங்களா?"

"அது நான்தான்."

"அப்ப சிவகௌரி யாருங்க?"

விளக்கினேன். "முனைவரா? டாக்டர்னு சொல்லுங்க" என்று மகிழ்ச்சியோடு திருத்தி எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அவருடைய மனைவி முழங்கால் வலிக்கு என்ன போடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மறுநாள் காலை விடுதி வாசலில் அன்வர் பாய் கிடைத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் ஆட்டோ, அவரைவிட இரண்டளவு பெரிய காக்கிச் சட்டை. "எங்க வேணா போலாம் மேடம், நம்ம வண்டி மூணு நாளைக்கு உங்களுது" என்றார். எங்கள் ஊரில் மலை கிடையாது. உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கியைத்தான் பார்க்க வேண்டும். இங்கே மலை எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து நின்றது. பேக்கரிக்குப் பின்னால் மலை, செல்போன் கடைக்குப் பின்னால் மலை, தெலுங்கில் எழுதிய சாப்பாட்டுக்கடைப் பலகைக்குப் பின்னால் மலை. திரும்பும்போதெல்லாம் யாரோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

வேங்கிக்கால் தாண்டிக் கல்லூரிக்குப் போவதற்குள் அன்வர் பாய் இரண்டு தரம் வண்டியை நிறுத்தினார். முதல் தரம் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாம் தரம், "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஒரு சுவருக்குப் பின்னால் ஓடினார். எனக்கு உடனே சந்தேகம் தட்டியது.

"அண்ணை, உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தார். "ஒரு வருத்தமும் இல்ல மேடம். பொண்ணு காலேஜ் போறா, வண்டி லோன் முடிஞ்சிடுச்சு. சந்தோஷமா கீறேன்."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவர் ஊரில் அது மனக்கவலை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல மனிதர், நல்ல வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

கல்லூரி வாசலில் என் முகம் நாலடி உயரத்தில் தொங்கியது. எங்கள் இணையதளத்தில் இருந்த படத்தை எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். 'இலங்கை விஞ்ஞானியே வருக.' சண்டை போடுவதற்காக ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனங்கள் எதுவும் அந்தப் படத்துக்குக் கீழே பொருந்தவில்லை. குணசேகரன் ஓடி வந்தார். மெலிந்த, வேர்த்துக் கொட்டுகிற, மிகவும் அன்பான மனிதர். கோபப்படுவதற்கு இதைவிடக் கஷ்டமான முகத்தை நான் பார்த்ததில்லை. என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. அதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்று விழுந்தது.

"நான் உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன்.

"கதையா? தாராளமா மேடம். பசங்களுக்கும் கதைன்னா ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லி அவர் என்னை நேராக அரங்கத்துக்கு அழைத்துப் போய் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார். கதைப்பது என்றால் எங்களுக்குப் பேசுவது. முந்நூறு மாணவர்கள் கதைக்காகக் காத்திருந்தார்கள். மாம்பழம் உலர்த்துவதைப் பற்றிப் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில்தான் தனியாகப் பேச முடிந்தது. அவருடைய மனைவி கலைச்செல்வி, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, இலைபோட்டுப் பரிமாறினார். சோறு, சாம்பார், ரசம், கத்தரிக்காய்க் கொத்சு, இட்லிக்கு வைத்த மல்லாட்டைச் சட்னியில் மீதி. எங்கள் தேங்காய்ச் சம்பல் உறைப்பில் பெரியதென்றால் இந்தச் சட்னி குணத்தில் பெரியது. இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டுதான் சண்டையைத் தொடங்கினேன்.

"என்னைக் கேக்காமல் ஏன் என்ர பேரைப் போட்டனீங்கள்?"

குணசேகரன் திகைத்துப் போனார். "மேடம், நீங்க வாழ்த்து சொன்னீங்க. உங்க பேரு இல்லாம போட்டா நன்றிகெட்ட வேலை இல்லீங்களா? கல்யாணப் பத்திரிகையில சித்தப்பா பேரு விட்டுட்டா சும்மா விடுவாங்களா?"

"சித்தப்பா கல்யாணத்துக்கு வருவார். நான் உங்கட ஆய்வுக்கு வரேல்லையே!"

"அதான் இப்ப வந்துட்டீங்களே மேடம்."

கலைச்செல்வி ரசக் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார். நான் கட்டுரையை எடுத்து மேசையில் விரித்தேன். சர்வதேசம் என்றால் என்ன? நான் இலங்கை, அதுபோக ஆய்வு நடந்த அன்றைக்கு உருண்டை வாங்கித் தின்ற ஒரு பிரெஞ்சுக்காரர். பல்மையம்? அடி அண்ணாமலையில் அவருடைய மைத்துனர் பாபுவின் கடை, வேங்கிக்காலில் பாபுவின் நண்பர் கடை, கீழ்பென்னாத்தூரில் பாபுவின் மாமனார் கடை. எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், தேர்ந்தெடுத்த ஆட்கள்? கடைக்கு வந்தவர்கள். மருத்துவப் பரிசோதனை? அதற்குச் சுகர் பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கியிருந்தார்.

"சரி, ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு உருண்டை சாப்பிடாத ஆக்கள் வேணுமே. கட்டுப்பாட்டுக் குழு. அவையள் ஆர்?"

குணசேகரன் ரசத்தைக் கலக்கினார். "சாயங்காலம் உருண்டை தீந்து போச்சு மேடம். அதுக்கப்புறம் வந்தவங்க."

"பின்னேரம் வந்தவை மலை சுத்தி முடிச்சுக் களைச்சுப் போய்த்தானே வந்திருப்பினம்?"

"அதான் மேடம் ரிசல்ட் நல்லா வந்துச்சு" என்றார் பெருமையோடு.

கலைச்செல்வி இப்போது சிரிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன். இது கணக்கே இல்லைன்னு" என்றார். குணசேகரன் குரலைத் தாழ்த்தினார். கல்லூரியில் கட்டுரை இல்லாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரேயொரு உடைந்த தராசு, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். என் பெயரை எடுத்துவிடக் கேட்டதும் கைகூப்பினார். பெயரை எடுத்தால் 'சர்வதேச' போய்விடும், 'சர்வதேச' போனால் பதவி உயர்வும் போய்விடும். "நாளைக்கு நீங்களே வந்து சென்டருங்கள பாருங்க மேடம். பாத்தா மனசு மாறிடுவீங்க."

மையங்களைப் பார்த்தாவது அவருடைய மனதை மாற்றலாம் என்று நானும் சம்மதித்தேன்.

அடுத்த நாள் காலை அன்வர் பாயின் ஆட்டோவில் குணசேகரனும் நானும் அடி அண்ணாமலைக்குப் புறப்பட்டோம். அவர் சுகர் மிஷினை ஒரு தோல் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார், கல்யாணத்துக்கு நகை கொண்டுபோகிறவர் மாதிரி. கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு வெள்ளைக்காரர்களும், ஆந்திராக் குடும்பங்களும், செல்பி எடுத்துக்கொண்டே நடக்கும் இளைஞர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். அன்வர் பாய் அன்று மூன்று தரம் தண்ணீருக்கும் மூன்று தரம் சுவருக்கும் நிறுத்தினார். அதுபோக, நேராக நின்ற ஒரு மாட்டைக் கடைசி நொடியில்தான் கண்டு திருப்பினார்.

"பாய், கண்ணு தெரியுதா?" என்று குணசேகரன் கத்தினார்.

"கொஞ்ச நாளா மசமசன்னு கீது சார். வெயில் ஜாஸ்தி இல்ல?"

காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. வெயில் இன்னும் ஏறவே இல்லை.

பாபுவின் கடை பாதையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பாபு தடித்த, உரத்த குரல்காரர். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க வாங்க! மாமா சொன்னாரு, மூணாவது ஆசிரியர் வராங்கன்னு. எந்த ஸ்கூலுங்க? மூணாங்கிளாஸா?" நான் பதில் சொல்வதற்குள் அன்வர் பாய் உரிமையோடு உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்து, ஓர் உருண்டையை வாயில் போட்டார். வெல்லப்பாகு பளபளத்த பெரிய உருண்டை.

"அண்ணை, காலமை வெறுவயித்தில இவ்வளவு இனிப்போ?"

"இது இனிப்பு இல்ல மேடம், மருந்து" என்றார் அன்வர் பாய். "எனக்கு சுகர் கீது இல்ல? நாலு வருஷமா மாத்திரை. இது வந்த அப்பால மாத்திரையை வுட்டுட்டேன். காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. இலங்கையில ஒரு டாக்டரம்மா கண்டுபிடிச்சது. பெரிய ஆளு மேடம். இதோ பாருங்க, பேரே போட்டுக்கீது."

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே மலைப் படம். நடுவில் சிவப்பு எழுத்தில் 'சுகர் கண்ட்ரோல் உருண்டை.' கீழே: 'மருத்துவப் பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது. டாக்டர் சிவகௌரி, ஸ்ரீலங்கா.'

பாக்கெட்டைக் குணசேகரனிடம் நீட்டினேன். அவருக்கும் அது புதிது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டேய் பாபு! யாருடா உன்ன இத போடச் சொன்னது?"

"நீங்கதான் மாமா எழுதியிருக்கீங்க!" பாபு கட்டுரையின் நகலைக் கொண்டுவந்து மூன்றாம் பக்கத்தை எடுத்தார். அதில் ஓர் அட்டவணை. தலைப்பில் ஆங்கிலத்தில் 'சுகர்' என்று இருந்தது. அதற்கு நேர் கீழே, கட்டுப்பாட்டுக் குழுவைக் குறிக்க, 'கண்ட்ரோல்' என்று இருந்தது. பாபு விரலை மேலிருந்து கீழே இழுத்துப் படித்தார். "சுகர், கண்ட்ரோல். இல்லாததையா போட்டேன்? நீங்க எழுதினதைத்தான போட்டேன்?"

குணசேகரன் அட்டவணையை வாங்கித் தானும் மேலிருந்து கீழே படித்தார். கடைக்காரர்மீது கோபப்பட எனக்கும் வழி தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள்தான் ஊரில் எல்லோரும் கொடுக்கும் பொருள். உருண்டை தீர்ந்த பிறகு வந்த ஆட்களுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று எந்தக் கடைக்காரர் நினைப்பார்?

"அந்த மிஷினை எடுங்கோ" என்றேன். "அண்ணை, முதல்ல கையை நல்லாக் கழுவிப்போட்டு வாங்கோ."

குணசேகரன் அன்வர் பாயின் விரலில் ஊசி குத்தினார். மிஷின் சிறிது நேரம் யோசித்தது. பிறகு எண் எதுவும் வராமல் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன: எச், ஐ.

அன்வர் பாய் குனிந்து பார்த்தார். "ஹாய் சொல்லுது மேடம்!"

"ரிப்பேர்" என்றார் குணசேகரன். "சில பேருக்கு அப்படித்தான் மேடம் வரும். ஆய்வு பண்ணும்போதும் ரெண்டு மூணு பேருக்கு இப்படி ஹாய் போட்டுச்சு. ஆன் பண்ணா வணக்கம் சொல்ற மாதிரி ஏதோ செட்டிங்னு நெனச்சு, கருவிக் கோளாறுன்னு அவங்கள நீக்கிட்டேன்."

"அது வணக்கம் இல்லை, சேர்" என்றேன். "ஹை. அதைச் சுருக்கிப் போடுது. எண் போட ஏலாத அளவுக்குக் கூடிப்போச்சு எண்டு அர்த்தம்."

இன்னொரு விரலில் குத்திப் பார்த்தோம். மறுபடியும் அதே இரண்டு எழுத்துகள். குணசேகரன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நீக்கிய அந்த ஆட்களை நினைக்கிறார் என்று தெரிந்தது. கீழ்பென்னாத்தூர்க் கடையில் ஓர் அம்மா, வேங்கிக்காலில் ஒரு வாட்ச்மேன் என்று முணுமுணுத்தார். பிறகு திடீரென்று எழுந்து, "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று கத்தத் தொடங்கினார். அன்வர் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் சார், நல்லாத்தான கீறேன்" என்று சாவியை எடுத்தார். நான் பிடுங்கினேன்.

ஆட்டோவை ஓட்டியது பாபு. பத்து வருடம் முன்பு ஓட்டியிருக்கிறாராம். பின்னால் அன்வர் பாயை நடுவில் வைத்து நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்திருந்தோம். உடம்பு பலவீனமாக இருந்தாலும் ஓட்டுநர் மனம் அடங்கவில்லை. "செகண்டு போடு! செகண்டு போடுய்யா! அய்யோ, என் கிளட்ச்சு!" என்று வழிநெடுகக் கதறினார். பாபு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஓரமாக நடந்துவந்த ஒரு சாமியார் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் வேலியில் ஏறிக்கொண்டாள். ஓர் இளநீர் வண்டியை உரசினோம். பின்னால் வந்த திட்டு, ஆர்க்காட்டுத் தமிழின் வளத்தைப் பற்றி எனக்கு இருந்த குறைந்த மதிப்பீட்டை மாற்றியது.

அரசு ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். சலைன் ஏறியது, இன்சுலின் போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா மயக்கமாகித்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க. வண்டி வேற ஓட்டறாரு!" என்றவர் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். "மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

அன்வர் பாய் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "டாக்டர் சொல்லித்தான் மேடம். இதுல பேரு போட்டுக்கீற அம்மா."

டாக்டர் அதைப் படித்தார். முகம் சிவந்தது. "யாரு இந்த சிவகௌரி? இவங்கள எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான கூட்டிட்டு வந்தது? உங்க பேரு சொல்லுங்க."

வாழ்க்கையில் என் பெயரைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"சிவகௌரி" என்றேன்.

அன்வர் பாய் தலையணையிலிருந்து எழும்ப முயன்றார். "மேடம்! நீங்களா அது?" அவர் குரலில் கோபம் இல்லை. பெரிய மனிதரை இரண்டு நாள் தெரியாமல் ஏற்றித் திரிந்தோமே என்ற வியப்புதான். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"இவங்க டாக்டர்தான், ஆனா அந்த டாக்டர் இல்ல" என்று குணசேகரன் குறுக்கே விழுந்து விளக்க முயன்றார். "இவங்க பழம் காய வைக்கிற டாக்டர். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களுக்கு எதுவுமே தெரியாது."

அதுவரை யாரும் என்னை இவ்வளவு உறுதியாக எதுவுமே தெரியாதவள் என்று சொன்னதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்போது அன்வர் பாயின் மனைவி பர்வீன் ஓட்டமாக வந்தார். கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சலைன் போத்தலைப் பார்த்தார், பிறகு நின்றபடியே எங்களிடம் சொன்னார்: "மாத்திரைய நிறுத்தாத நிறுத்தாதன்னு எவ்ளோ சண்ட போட்டேன். உனக்கு இன்னா தெரியும், படிச்ச டாக்டரம்மா சொல்லிக்கீறாங்கன்னு கவர காட்டினாரு. நான் ஏழாங்கிளாஸு. நான் இன்னா பேச முடியும்?"

பாபு மெல்ல வெளியே நழுவினார். ஓடிவிட்டார் என்று நினைத்தேன். மாலையில் தெரிந்தது: கடைக்குப் போய்ச் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளையெல்லாம் கிழித்து, உருண்டைகளைக் கண்ணாடிச் சாடியில் கொட்டிவிட்டு, மற்ற இரண்டு கடைகளுக்கும் போய் அதையே செய்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் குணசேகரன் காகிதம் கேட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். நான் கேட்கவே இல்லை.

'கட்டுரையில் சில சிறு பிழைகள் நேர்ந்துவிட்டதால்' என்று தொடங்கினார். எழுதியதை எனக்கு வாசித்தார்.

"சிறு பிழையோ?" என்றேன்.

'சிறு' என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்து, 'நேர்ந்துவிட்டதால்' என்பதையும் அடித்து, 'நான் செய்ததால்' என்று போட்டார். அதற்குப் பிறகு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. பல்மையம் என்பது மைத்துனரும் அவருக்கு வேண்டியவர்களும் நடத்தும் மூன்று கடைகள் என்று எழுதினார். கட்டுப்பாட்டுக் குழு, சரக்குத் தீர்ந்த பின் வந்தவர்கள் என்று எழுதினார். மிக அதிக சர்க்கரை காட்டியவர்களைக் கருவிக் கோளாறு என்று நீக்கியதை எழுதும்போது பேனா நின்றது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து அதையும் எழுதினார். மூன்றாவது ஆசிரியருக்கும், முதல்வருக்கும்கூட, இந்த ஆய்வில் பங்கில்லை, கேட்காமல் போட்டேன் என்று முடித்துக் கையெழுத்திட்டார்.

"புரமோஷன்?" என்று கேட்டேன்.

"போச்சு மேடம்" என்றார். "கலை கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

கலைச்செல்வி செய்தி கேட்டு அரை மணி நேரத்துக்கு முன்பே வந்து தூணருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, ஒருமுறை படித்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பிறகு இருவரும் கீழ்பென்னாத்தூர் அம்மாவையும் வேங்கிக்கால் வாட்ச்மேனையும் தேடி ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரையும் கண்டுபிடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வாட்ச்மேன் ஏற்கனவே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தனக்குச் சுகர் இருப்பதே தெரியாது. மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரியில் அவரை வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் குணசேகரன் என்னை வழியனுப்ப வந்தார்.

நான் விடைபெறப் போனபோது அன்வர் பாய் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு இட்லியை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. "மேடம், பாபு என் கிளட்ச்ச காலி பண்ணிட்டான்" என்றார். என் மேல் அவருக்கு இருந்த ஒரே முறைப்பாடு அதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பாபு ஒரு பொட்டலம் கொடுத்தார். வெறும் பழுப்புத் தாள், எழுத்து எதுவும் இல்லை. "உப்புப் போட்டு அவிச்ச மல்லாட்டை மேடம். ஒண்ணும் நிரூபிக்கல" என்றார். செஞ்சி வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணம் திரும்பிக் கையெழுத்துக் கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "நேர்மையான மனுசன் போல கிடக்கு" என்றார். விசாரணைக் குழு கூடவில்லை.

பிறகு ஒரு வாரம் கழித்துக் குணசேகரன் தொலைபேசியில் வந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறும் அந்தக் கடிதத்தைச் சஞ்சிகைக்கும் அனுப்பியிருந்தார். அவர்கள் அதைப் படித்துப் பார்க்காமல் புதிய ஆய்வுக் கட்டுரையாக எடுத்துக்கொண்டு, நிபுணர்கள் இருவர் மதிப்பிட்டுப் பாராட்டியதாகச் சொல்லி, புதிய இதழில் வெளியிட்டுவிட்டார்கள். பழைய கட்டுரையும் அப்படியே இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நானும் அவரும் இன்றுவரை வாரம் ஒன்றாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

திறந்து பார்த்தேன். ஒரு சொல் மாறாமல் வந்திருந்தது. மூன்று கடைகள், தீர்ந்துபோன உருண்டை, ஹாய் சொன்ன மிஷின், எல்லாம். கீழே ஒரேயொரு பெயர், அவருடையது.

"மேடம், ஒரு டவுட்டு" என்றார் தயங்கித் தயங்கி. "இதைப் புரமோஷனுக்குக் காட்டலாங்களா?"

பின்னால் கலைச்செல்வி "அய்யோ, வைங்க போனை" என்று கத்துவது கேட்டது.

நான் இன்னொரு முறை முழுவதும் படித்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.

"காட்டுங்கோ" என்றேன். "முழுசா வாசிச்சுப் பாக்கச் சொல்லிக் காட்டுங்கோ."